பதினான்கு படிகளும் ஒரு கீறலும்

வேலாத்தாள் கிரைண்டர் ஓடும்போது, அந்த நேரத்தில் கம்பெனிக்குள் யார் யார் என்ன பேசுகிறார்களோ அதைச் சொல்லும். உள்ளே அரிசியோ உளுந்தோ இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெறும் கல் சுற்றினால் வாய் திறக்காது. வாரண்டி அட்டையில் மூன்றாவது வரியிலேயே இதை அச்சடித்திருப்பார்கள். ஜனங்கள் படித்துவிட்டுத்தான் வாங்கினார்கள். சொல்லப் போனால் அதற்காகவே வாங்கினார்கள்.

கோயம்புத்தூரில் கம்பெனியை ஆரம்பித்த பெரியவர் சின்னய்யன் இருந்த வரைக்கும், கேட்பதற்கு அப்படியொன்றும் பெரிய விஷயம் இருக்காது. "குழந்தைவேலு, இந்தக் கல்லு இன்னும் கொத்துக் கேக்குது பாரு" என்பார். "கொத்தீர்லாமுங்க" என்பார் கல் கொத்துகிற குழந்தைவேலு. "உம் புள்ளைக்குக் காச்சல் தேவலையா?" என்பார் பெரியவர். நாலு மாவட்டத்தில் மாவு அரைத்துக்கொண்டிருந்த பெண்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா இல்லையா என்று தெரிகிற வரைக்கும் கிரைண்டரை நிறுத்தமாட்டார்கள். மாவு வெண்ணெயாக வரும். உடுமலையில் தனியாக இருந்த ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் அறைக்கு ஒன்று வாங்கி வைத்தார். நல்ல பெயர் என்றால் அப்படியொரு நல்ல பெயர்.

பெரியவர் போனார். மகன் நாச்சிமுத்து எம்.டி. ஆனார். எம்.டி. அறை மாடிக்குப் போனது. மாடிக்குப் பதினாலு படி.

ஜெனரல் மேனேஜர் ஜெகதீசன் படிக்கு ஒரு ஸ்டூல் போட்டு, ஸ்டூலுக்கு ஒரு ஆளை உட்கார வைத்தார். கீழிருந்து மேலே போகிற சேதி படிக்குப் படி கொஞ்சம் இனிக்க வேண்டும். மேலிருந்து கீழே வருகிற சேதி படிக்குப் படி கொஞ்சம் உறைக்க வேண்டும். மேலே இருப்பவர் மனசு நோகக் கூடாது, கீழே இருப்பவர்கள் அசந்துவிடக் கூடாது, அதுதான் ஏற்பாடு. ஸ்டூலில் உட்கார்ந்த பதினாலு பேரும் நல்ல மனிதர்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்கொருவர் பொரியல் மாற்றிக்கொள்வார்கள்.

இன்னொரு காரியமும் ஜெகதீசன் செய்தார். பெரியவர் காலத்தில் தினமும் பத்து மணிக்கு டெஸ்டிங் ஹாலில் நிஜ அரிசி போட்டு அரைத்துப் பார்ப்பார்கள். அப்போது கம்பெனி பேசுவதைக் கம்பெனியே கேட்கும். அரைத்த மாவு மறுநாள் எல்லோருக்கும் இட்லி. ஜெகதீசன் அதை நிறுத்திவிட்டார். "நாம பேசறதை நாமளே எதுக்குங்க கேக்கோணும்?" என்றார். அதிலிருந்து வெறும் கல்லைச் சுற்றவிட்டு, "ஓடுது" என்று எழுதி அனுப்பினார்கள். ஊர் முழுக்க அரைக்கிற கிரைண்டரைச் செய்கிற இடத்தில் ஒரு பிடி அரிசி கிடையாது.

எம்.டி. வீட்டில் இருந்தது வேறு கம்பெனி கிரைண்டர். வீட்டம்மாவுக்குச் சத்தம் ஆகாது என்று ஜெகதீசனே வாங்கிக் கொடுத்தது. அது அரைக்கும், பேசாது.

இப்படியே ஆறு வருஷம் போனது. சர்வீஸ் பிரிவில் போன் எடுக்கிறவள் தமயந்தி. அதிர்ந்து பேசமாட்டாள், பிடித்ததை விடவும் மாட்டாள். ஊருக்குள் கம்பெனியின் பெயர் எப்படி இருக்கிறது என்பது அவள் காதுக்குத்தான் முதலில் வரும். ஒரு நாள் காங்கேயத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். அவர் வீட்டில் கல்யாணமாகி ஒன்பதாம் நாள் புதுமருமகள் உளுந்தைப் போட்டுச் சுவிட்சைத் தட்டியிருக்கிறாள். கிரைண்டர், "நாளையில இருந்து நீ வர வேண்டாம், சாமானை எடுத்துட்டுக் கெளம்பு" என்றிருக்கிறது. அவள் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"ஏனுங்க, எங்க மருமகளைப் போகச் சொல்ல உங்க கம்பெனிக்கு ஆருங்க உரிமை குடுத்தது?"

"அது உங்க மருமகளை இல்லைங்க. எங்க பேக்கிங் மாரப்பனைச் சொன்னதுங்க."

"அப்ப மாரப்பன் போயிட்டாரா?"

"இல்லீங்க, இங்கதான் இருக்காரு."

"அவரு இருக்காரு, எம் மருமக போயிட்டா. நல்லா இருக்குதுங்க உங்க கம்பெனி!"

மாடியில் அந்த உத்தரவு, "மாரப்பனுக்கு உடம்பு சரியில்லையாமே, நாளைக்கு ஓய்வெடுக்கட்டும்" என்றுதான் கிளம்பியிருந்தது.

இதையெல்லாம் தமயந்தி சமாளித்தாள். கீறல் விஷயம்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

ரெண்டு லிட்டர் மாடலுக்குப் புதிதாக வந்த அடிக்கல்லில் கீறல் விழுவதைக் கண்டுபிடித்தவர் குழந்தைவேலு. கல் பொடிந்து மாவில் கலந்தது. கோபியிலிருந்து ஒரு தாய், இட்லியைக் கடித்து உடைந்த தன் குழந்தையின் பால்பல்லைக் காகிதத்தில் மடித்துத் தபாலில் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வரி: "எங்கள் வீட்டு கிரைண்டர் கீறல் என்று சொல்கிறது. உங்கள் கம்பெனி லெட்டர் டிசைன் என்று சொல்கிறது. நான் எதை நம்ப?"

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு அதே மாடல் எண்ணூறு, ஆடித் தள்ளுபடிக்காக மதுரைக்கு லாரியில் போக இருந்தது. மதுரைப் பக்கம் இதுவரை ஒரு வேலாத்தாள்கூடப் போனதில்லை. அங்கே யாருக்கும் எந்தக் கல்லும் எதையும் சொல்லியிருக்காது. அந்த லாரி போகக் கூடாது என்று தமயந்தி முடிவு செய்தாள்.

திங்கட்கிழமை எழுதினாள்: "அடிக்கல்லில் கீறல் விழுகிறது. மாவில் கல்பொடி கலக்கிறது. லாரியை அனுப்பக் கூடாது." மூன்றே வரி. மாற்றுவதற்கு அதில் இடமே இல்லை என்று நினைத்தாள். பல்லை மடித்த காகிதத்தையும் கூடவே குண்டூசியால் குத்தி இணைத்தாள்.

முதல் படியில் இருந்த சிவசாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கீறலைக் கோடாக்கினார். மூன்றாம் படியில் கோடு வரியானது. ஆறாம் படியில் இருந்த எஸ்தர் அக்கா வரியைக் கோலமாக்கினாள். ஏழாம் படியில் பல் முத்தாகிவிட்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது கடிதம் இப்படி இருந்தது: "அடிக்கல்லில் அழகிய புது டிசைன் வருகிறது. மாவில் தாதுச்சத்து கூடுகிறது. லாரியை எப்போது அனுப்புவீர்கள் என்று ஊரே கேட்கிறது. அன்புடன் ஒரு முத்து."

எம்.டி. படித்துவிட்டு, "மகிழ்ச்சி" என்றார். ஒரு சொல்தான். அது பதினாலு படி இறங்கி வந்து தமயந்தியின் மேஜை முன்னால் நின்று, "உனக்கு வேற வேலையில்லையா? இன்னொரு தடவை காகிதம் மேல வந்துச்சுன்னா நீ வீட்டுக்குப் போயிக்கலாம்" என்றது.

புதன்கிழமை அவளே ஏறினாள். எழுத்தைத்தானே மாற்றுகிறார்கள், வாயில் வைத்துக் கொண்டுபோனால் என்ன செய்வார்கள்?

"அம்மணி, அதக் கொஞ்சம் குடுங்க" என்று சிவசாமி கை நீட்டி, அவள் வாயிலிருந்து கீறலை எடுத்துக்கொண்டார். எடுத்த இடத்தில் ஒரு மிட்டாயை வைத்தார். எஸ்தர் அக்கா கல்பொடியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லீங்கக்கா. ஆனா அது எனக்கு வேணுங்க."

"வேணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. மேல போறவரைக்குந்தான் கண்ணு வேணும். போயிட்டா ஒண்ணுந் தோணாது."

பத்தாம் படியில் லாரி என்கிற சொல்லும் வாயை விட்டுப் போனது. மேலே எம்.டி. அறைக்குள் நுழைந்தபோது அவள் வாயில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதைச் சொன்னாள்.

"மழை வர்ற மாதிரி இருக்குதுங்க சார்."

நாச்சிமுத்து சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நாற்பத்திரண்டு வயது, சாந்தமான முகம். சுவர் முழுக்க வாடிக்கையாளர் கடிதங்கள் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தன. அத்தனையும் பதினாலு படி ஏறி வந்தவை. அவர் மோதிர விரலில் புதிதாக ஒரு முத்து இருந்தது. அதன் ஒரு ஓரம் உடைந்திருந்ததை தமயந்தி பார்த்தாள்.

"ஆமா, மேகமாத்தான் இருக்கு. நல்லா வேலை செய்யறீங்க" என்றார் எம்.டி.

அவள் படியிறங்கி வந்து சேர்ந்தபோது சிவசாமி தலையைக் குனிந்துகொண்டு, "இதுதான் நீ வேலை செய்யற லட்சணமான்னு கேக்கச் சொன்னாருங்க" என்றார்.

வியாழக்கிழமை காலை தமயந்தி வீட்டிலிருந்து மூன்று பங்கு அரிசியும் ஒரு பங்கு உளுந்தும் கொண்டுவந்து, டீ போடுகிற அண்டாக்களில் தனித்தனியாக ஊற வைத்தாள். குழந்தைவேலு பழைய மாடலில் கீறல் இல்லாத கிரைண்டர் இரண்டைத் தேடி எடுத்துத் துடைத்து வைத்தார்.

"ஒண்ணு டெஸ்டிங் ஹாலில் இருக்கட்டுங்கண்ணா. நாலு மணிக்கு அரிசி போட்டு ஓட விடுங்க" என்றாள் தமயந்தி.

"இன்னொண்ணு?"

"மேல."

"ஏனம்மணி, ஒத்த வார்த்தையே மேல போகல. இத்தாம்பெரிய கிரைண்டர் போகுமா?"

"வார்த்தைக்குத்தானுங்கண்ணா அங்க ஆளு இருக்கு. கிரைண்டருக்கு ஆருமில்ல. நாலு மணிக்கு நீங்க கீழ வழக்கமா என்ன பேசுவீங்களோ அதையே பேசுங்க, போதும்."

"வழக்கமா பேசறதா? அதுல பாதி பொம்பளைங்க கேக்கற மாதிரி இருக்காதே."

"நாலு மாவட்டத்துப் பொம்பளைங்க தெனமும் கேக்கறாங்கண்ணா."

குழந்தைவேலு வாயைத் துடைத்துக்கொண்டார்.

நாலு மணிக்கு அவள் ஏறினாள். உதட்டை இறுக மூடியிருந்தாள். வாயில் எதுவும் இல்லாததால் எடுக்க எதுவும் இல்லை. படி அலுவலர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கிரைண்டர் கனமாக இருந்ததால் சிவசாமி ஒரு கை கொடுத்தார். மூன்றாம் படிக்காரர் இன்னொரு கை கொடுத்தார். எஸ்தர் அக்கா அண்டாவைத் தூக்கிக்கொண்டாள். படிக்குப் படி கை மாறி, கிரைண்டர் பிறந்த வீட்டுச் சீர் மாதிரி மேலே போய்ச் சேர்ந்தது.

மாடி வாசலில் ஜெகதீசன் நின்றிருந்தார்.

"என்ன இது?"

"டெமோ" என்றாள் தமயந்தி. அந்தச் சொல்லை மாற்ற எந்தப் படிக்கும் தோன்றாது. ஜெகதீசனுக்கும் தோன்றவில்லை. வழிவிட்டார்.

எம்.டி. மேஜைக்குப் பக்கத்தில் பிளக்கைச் செருகினாள். அரிசியைப் போட்டாள், ஒரு கை தண்ணீர் தெளித்தாள், சுவிட்சைத் தட்டினாள். கல் சுற்றியது.

"எட்டு நாளாச்சு. அடிக்கல்லு கீறல், கீறல்னு கத்தறேன்" என்றது கிரைண்டர், குழந்தைவேலுவின் குரலில். "இன்னிக்கு ராத்திரி மதுரக்காரன் புள்ளைங்க வாயில கல்லு. எனக்கென்ன, நான் கூலிக்குக் கொத்தறவன்."

"மேல இருக்கறவருக்குக் காது இருக்குதா, இல்ல அதையும் ஜி.எம். வாங்கிப் பூட்டி வெச்சுக்கிட்டாரா?" இது மாரப்பன்.

நாச்சிமுத்து தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இரண்டும் இருந்தன.

"சார், அது பெல்ட்டு சத்தமுங்க" என்றார் வாசலில் நின்ற ஜெகதீசன்.

"சார், அது பெல்ட்டு சத்தமுங்க" என்றது கிரைண்டர்.

எம்.டி. தமயந்தியைப் பார்த்தார். வாசலில் சொன்ன ஒரு சொல்லுக்கு அப்புறம் அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. திறந்தால் இந்தத் தடவை எல்லாச் சொல்லும் முழுசாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கல்லே சொல்லட்டும் என்று நின்றாள்.

"ஜெகதீசன், லாரியை நிறுத்தச் சொல்லுங்க" என்றார் எம்.டி.

"உத்தரவுங்க." ஜெகதீசன் படியிறங்கினார். அவர் இறங்க இறங்க கிரைண்டர் சொல்லிக்கொண்டே வந்தது.

"லாரியை நிறுத்தச் சொல்றாருங்க."

"லாரியை நிறுத்தி வெச்சது ஆருன்னு கேக்கறாரு."

"லாரி ஏன் இன்னும் நிக்குதுன்னு கேக்கறாரு."

"இன்னும் நின்னா டிரைவர் நாளைக்கு இல்லைங்கறாரு."

"கெளப்புடா லாரியை!"

கீழே எஞ்சின் கிளம்புகிற சத்தம் கிரைண்டரிலும் கேட்டது, சன்னல் வழியாகவும் கேட்டது. நாச்சிமுத்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

"நான் என்ன சொன்னேன், அங்க என்ன போச்சு!"

"ஆறு வருஷமா அப்படித்தானுங்க சார்" என்றாள் தமயந்தி.

"நானே போறேன்."

"நீங்க போனா நீங்களும் மாறீருவீங்க சார். ஏழாம் படியில எது என்னவாகும்னு சொல்ல முடியாது." அவள் அவருடைய மோதிரத்தைப் பார்த்தாள். "இங்கிருந்தே சொல்லுங்க. கீழ டெஸ்டிங் ஹாலில் ஒரு கல்லு ஓடிட்டு இருக்கு. நடுவுல படி இல்லை."

எம்.டி. கிரைண்டர் பக்கம் குனிந்தார். குனிந்தவர் நிமிர்ந்தார்.

"இது கீழ மட்டுமா கேக்கும்?"

"இப்ப எங்கெங்க மாவு ஓடுதோ அங்கெல்லாங் கேக்குமுங்க. நாலு மணி. எல்லா வீட்டுலயும் அரைக்கற நேரம்."

"நம்ம கல்லுல கீறல்னு என் வாயால நாலு மாவட்டத்துக்குச் சொன்னா, அப்பா சம்பாரிச்ச பேரு என்னாகிறது?"

தமயந்தி ஒரு கை தண்ணீர் தெளித்தாள். அதிர்ந்து பேசாமல்தான் சொன்னாள்.

"எட்டு நாளா எல்லாருங் கேட்டுட்டுத்தானுங்க சார் இருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் கேக்கல."

லாரி பின்னால் நகர்ந்து வாசல் பக்கம் திரும்புகிற சத்தம் வந்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்தார். நாச்சிமுத்து மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, தரையில் தொப்பென்று முழங்காலிட்டு, சுற்றுகிற கல்லுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார். மாவு அவர் சட்டையில் தெறித்தது.

"நான் நாச்சிமுத்து பேசறேன். ரெண்டு லிட்டர் மாடல் அடிக்கல்லுல கீறல் இருக்கு. மாவுல கல்லு சேருது. குழந்தைவேலண்ணன் சொன்னதுதான் நிஜம். டிசைன்னு நான் கையெழுத்துப் போட்டு அனுப்புனது தப்பு. லாரி போகக் கூடாது. ஏற்கெனவே வாங்குனவங்க அதுல அரைக்காதீங்க, நாங்க வந்து மாத்திக் குடுக்கறோம். இதை யாரும் நல்லபடியாத் திருத்தி எழுத வேண்டாம்."

கீழே டிரைவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு உத்தரவு கிடைத்தது. ஜெகதீசன் எதிரே நின்று கிளப்பு என்றார். ஹாலில் இருந்த கல் போகாதே என்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணா, நான் ஆரு சொல்றதக் கேக்கட்டும்?"

"நீ வாழ்க்கைல மனுசன் சொன்னதக் கேட்டு எத்தன தடவ கெட்டிருக்க?" என்றார் ஹால் வாசலில் நின்ற குழந்தைவேலு. "கல்லு சொல்றதக் கேளு."

எஞ்சின் அணைந்தது. எண்ணூறு கிரைண்டரும் இறங்கின. ஜெகதீசன் அங்கேயே நின்றார். எம்.டி. தன்னிடம் என்ன சொல்லி அனுப்பினார் என்று யோசித்துப் பார்த்தார், அவருக்கே நினைவுக்கு வரவில்லை.

மாடியில் நாச்சிமுத்து எழுந்து மாவைத் தட்டிவிட்டுக்கொண்டார். மோதிரத்தில் முத்து இல்லை, ஒரு சின்னப் பால்பல் இருந்தது. அதைக் கழற்றி, தமயந்தியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது ஆரோடது?"

"கோபியில ஒரு குழந்தையோடதுங்க சார்."

"நாளைக்கு நான் போயிட்டு வர்றேன்" என்றார்.

அப்புறம் தமயந்தியின் மேஜையில் போன் அடிக்க ஆரம்பித்தது. நிறுத்தாமல் அடித்தது. அவள் இறங்கி ஓடிப்போய் எடுத்தாள். எந்தப் படியிலும் யாரும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எஸ்தர் அக்கா மட்டும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, "இந்தா கண்ணு, உன்னோடது" என்று கல்பொடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

முதல் போன் காங்கேயத்து அம்மா.

"ஏனுங்க, அங்க தொப்புனு முழங்கால் போடற சத்தங் கேட்டுச்சே, அப்படிப் பேசுனாரே, அவருதான் மொதலாளிங்களா?"

"ஆமாங்க."

"கால் வலிக்குமே. கீழ ஒரு சாக்காச்சும் போட்டுக்கச் சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "எங்க மருமக அவ அம்மா வீட்டுல உங்க கிரைண்டர்லதான் அரைக்கறா. அவளும் கேட்டிருப்பா."

அந்த வாரம் இருநூற்றுப் பதினொரு வீட்டுக்காரர்கள் கல்லை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார்கள். இனி வேண்டவே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவர்கள் முப்பத்தாறு பேர். மதுரையிலிருந்து ஒரு கடைக்காரர், லாரி ஏன் வரவில்லை என்று சண்டை போடக் கூப்பிட்டு, காரணத்தைக் கேட்டுவிட்டு, கல் சரியான பிறகு அனுப்புங்கள், காத்திருக்கிறேன் என்றார். கம்பெனியின் பெயர் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஆனால் அதற்கப்புறம் பெயர் எப்படி இருக்கிறது என்று எம்.டி. யாரையும் கேட்கவில்லை. தினமும் பத்து மணிக்கு அவர் அறையிலும் டெஸ்டிங் ஹாலிலும் அரிசி போட்டார்கள். படி அலுவலர்கள் பதினாலு பேரும் இட்லித் தட்டில் துணி விரிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஜெகதீசனுக்கு ஊற வைக்கிற பொறுப்பு. அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

அடுத்த புதன்கிழமை பத்து மணிக்கு ஹாலில் தமயந்தி கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கம்பெனிக்குள் யாரும் எதுவும் பேசவில்லை, எல்லோரும் கல் மாற்றுகிற வேலையாக இருந்தார்கள். ஆனாலும் கிரைண்டர் பேசியது. இதுவரை வெளியே மட்டும் போய்க்கொண்டிருந்த பேச்சு, முதல் தடவையாக வெளியிலிருந்து உள்ளே வந்தது. தாராபுரத்திலிருந்து, சமையலறையில் தனியாக நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணின் குரல்.

"வெந்தயம் போட்டேனா, போடலையா?"

தமயந்தி குனிந்து, ஒரு விரல் மாவை எடுத்து, கட்டை விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். வெந்தயத்தின் வழுவழுப்பு இல்லை.

"போடலைங்க" என்றாள்.

"ம்" என்றது கிரைண்டர். டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டது.